படத்தில் பண்ணையாள், படிப்பில் யார்?



கலைச் சரித்திரத்தில் பி.ஏ. பட்டமா? அது பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்கிறார்கள்.

லண்டனில் கோர்ட்டோல்ட் கலைக் கழகம் இப்படிப்பை நடத்துகிறது. 1932-ல் அதை நிறுவியவர்களில் ஒருவர் சாமுவேல் கோர்ட்டோல்ட், செயற்கைப் பட்டு ஆலை முதலாளி. படங்கள் வாங்க அவருக்குப் பணம் தந்தது எது? ஆலைத் தொழிலாளியின் உழைப்பு!

அங்கே பிரெஞ்சு ஓவியர் செசான் தீட்டிய சீட்டாட்டப் படம் இருக்கிறது. அவருக்கு முன் உட்கார்ந்தவர்கள் யார்? பண்ணையாட்கள்!

ஆனால் இங்கிலாந்தில் 1998-ல் ஆண்டுக்கு 1,000 பவுன் வரை கல்லூரிச் சம்பளம் விதித்தார்கள். 2012-ல் 9,000 வரை உயர்த்தினார்கள். தொழிலாளியின் பிள்ளை கடனாளியாகாமல் படிப்பது எப்படி?

சோறு போடாத படிப்பென்று நாமே ஒதுக்கலாமா? யார் உழைப்பில் வாங்கினார்கள், யாரைப் பார்த்துத் தீட்டினார்கள் என்பதும் கலைச் சரித்திரமே. அதைக் கேட்க நம் பிள்ளைகளுக்கே முதல் உரிமை!