வானொலி நம்முடையது என்றால் பத்திரம் யார் பேரில்?

(கூட்டமைப்பின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சமுதாய வானொலி பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்தீர்கள். உங்கள் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் ‘வானொலி நிலையம்’ என்று ஒரு வரி இருக்கிறது. முழுச் செலவையும் ஏற்றுக்கொள்ள ஒரு நிறுவனம் முன்வந்திருப்பதாகவும் செயலாளர் சொன்னார். நல்ல சேதிதான். ஆனா ஒண்ணு கேக்கறேன். உங்க மனையில வீடு கட்ட ஒருத்தர் பணம் தர்றேன்னு வந்தா, முதல்ல என்ன கேப்பீங்க? “பத்திரம் யார் பேர்ல?”ன்னுதானே? வானொலிக்கும் அதே கேள்விதான்.

முதலில், இந்த அலைவரிசை யாருடையது? 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. வழக்கு என்னவோ கிரிக்கெட் ஆட்டத்தை ஒளிபரப்பும் உரிமை பற்றியது. ஆனால் தீர்ப்பு நமக்கும் சேர்த்துத்தான். அலைவரிசைகள் பொதுச் சொத்து, அரசும் அதைத் தனக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ள முடியாது, தனியாரும் வளைத்துக்கொள்ள முடியாது என்றார்கள் நீதிபதிகள். ஊர்ப் பொது ஏரி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்பு வந்தும் நமக்குக் கதவு உடனே திறக்கவில்லை. 2002-இல் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதி தந்தார்கள். அப்படித்தான் 2004 பிப்ரவரி 1 அன்று சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். தொடங்கியது. தொண்டு அமைப்புகளும் பதிவு பெற்ற சங்கங்களும் வானொலி நடத்தலாம் என்று கொள்கை வந்தது 2006 நவம்பரில்.

இதற்காக ரொம்ப நாள் காத்திருந்தவர்கள் தெலங்கானாவில் மச்சனூர் கிராமத்துப் பெண்கள். தக்காண வளர்ச்சிக் கழகத்தின் சங்கங்களில் இருக்கும் தலித் பெண்கள், சிறுதானியம் பயிர் செய்பவர்கள். யுனெஸ்கோ உதவியோடு 1990-களின் கடைசியிலேயே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்துவிட்டார்கள். ஒலிபரப்ப அனுமதி இல்லை. சும்மா இருந்தார்களா? நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து, டேப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். கடைசியில் 2008 அக்டோபர் 15, கிராமப்புற மகளிர் நாள் அன்று சங்கம் ரேடியோ ஒலிக்கத் தொடங்கியது. தொடங்கி வைத்தவர் யார் தெரியுமா? 1995 தீர்ப்பை எழுதிய நீதிபதிகளில் ஒருவரான பி.பி.சாவந்த்.

அங்கேயும் பணம் வெளியிலிருந்து வந்தது. ஆனால் எதைப் பேசுவது, எந்த மொழி நடையில் பேசுவது, யார் பேசுவது என்பதைச் சங்கத்துப் பெண்கள் முடிவு செய்தார்கள். விதை, மண், பண்டிகை, பாட்டு எல்லாம் அவர்கள் பேச்சிலேயே போனது. பணம் ஒரு பக்கம் வரலாம். முடிவு நம்ம பக்கம் இருக்கணும்.

நம் நாட்டு விதியும் இதற்குத் துணை நிற்கிறது. தனி ஆள், அரசியல் கட்சி, லாபத்துக்கு நடக்கும் கம்பெனி யாருக்கும் சமுதாய வானொலி அனுமதி கிடையாது. பதிவாகி மூன்று ஆண்டு ஆன, லாப நோக்கம் இல்லாத அமைப்பு கேட்கலாம். உங்கள் கூட்டமைப்பு சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவானது. பத்து ஆண்டு வேலை செய்த கணக்கும் இருக்கிறது. அப்புறம் ஏன் இன்னொருவர் பேரில் விண்ணப்பம்? ஒருமுறை வாங்கிய அனுமதியை வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. ‘இப்போதைக்கு அவங்க பேர்ல வாங்கிக்கலாம், பிறகு மாத்திக்கலாம்’ என்று யாராவது சொன்னால், அது நடக்காது என்று சொல்லுங்கள்.

2024-இல் வந்த புதிய வழிகாட்டுதலில் நமக்கு இன்னொரு பலமும் இருக்கிறது. நிகழ்ச்சிகளை முடிவு செய்யும் ஆலோசனைக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அனுமதிக் காலமும் ஐந்து ஆண்டிலிருந்து பத்து ஆண்டாகியிருக்கிறது.

இனி பணத்துக்கு வருவோம். முன்பு ஒரு மணி நேரத்துக்கு 7 நிமிடம்தான் விளம்பரம் போடலாம். இப்போது 12 நிமிடம். அரசு விளம்பரத்துக்கு 10 விநாடிக்கு 52 ரூபாயாக இருந்த கட்டணம் 74 ரூபாய் ஆனது. கணக்குப் போடுங்க. 12 நிமிடம் என்றால் பத்துப் பத்து விநாடியாக 72 துண்டு. 72 பெருக்கல் 74, மணிக்கு 5,328 ரூபாய். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் எல்லா மணி நேரமும் விளம்பரம் நிறையாது. மின்கட்டணமும் பழுது செலவும் பேசுகிற பெண்களுக்கான படியும் மாதாமாதம் வந்து நிற்கும். விளம்பரத்தை நம்பி மட்டும் நிலையம் நடத்தக் கூடாது.

ஒரே ஆளை நம்பியும் நடத்தக் கூடாது. பிரிட்டனில் 2004-இல் சமுதாய வானொலிக்குச் சட்டம் கொண்டுவந்தபோது, வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வரக் கூடாது என்று விதி வைத்தார்கள். பிறகு தளர்த்தினார்கள் என்றாலும் அந்த யோசனை நமக்குப் பொருந்தும். நாளைக்கே அந்த நிறுவனத்தின் கழிவுத் தண்ணீர் நம் ஓடையில் கலக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் வானொலியில் சொந்தச் செய்தி வாசிக்க அனுமதி இல்லைதான். ஆனால் குடிநீர், மின்சாரம், நோய் எச்சரிக்கை பற்றிப் பேசலாம். அன்று மைக் முன்னால் உட்காரும் தங்கச்சிக்குச் சம்பளம் அந்த நிறுவனமே தருகிறது என்றால், அவள் வாய் திறப்பாளா?

டிஜிட்டல் வானொலி வரும், அப்போது செலவு குறையும் என்றும் சொல்கிறார்கள். அதையும் பார்ப்போம். எஃப்.எம்.மில் ஒரு அலைவரிசைக்கு ஒரு நிலையம். டிஜிட்டலில் ஒரே டிரான்ஸ்மிட்டரில் பத்துக்கு மேல் நிலையங்கள் போகலாம். பிரிட்டனில் இது பெரிய கம்பெனிகள் கையில் இருந்தது. 2012-இல் ரஷீத் முஸ்தபா என்ற பொறியாளர் பிரைட்டன் நகரத்தில், இலவச மென்பொருளையும் சாதாரணக் கணினியையும் வைத்துக் குறைந்த செலவில் செய்து காட்டினார். 2015 முதல் பத்து இடங்களில் சோதித்தார்கள். 2019-இல் சட்டம் வந்தது. சிறு டிஜிட்டல் டிரான்ஸ்மிட்டர் நடத்துகிறவர், லாப நோக்கமில்லாத சமுதாய நிலையங்களுக்கு இடம் ஒதுக்கியாக வேண்டும் என்று விதி வைத்தார்கள்.

ஆனாலும் டிரான்ஸ்மிட்டர் இன்னொருவருடையது என்றால் சமுதாய நிலையம் அங்கே வாடகைக்குத்தான் இருக்கும். மாதாமாதம் கட்டணம் கட்ட வேண்டும். அதனால் சில ஊர்களில் சமுதாய நிலையங்களே சேர்ந்து டிரான்ஸ்மிட்டருக்கு உரிமையாளர் ஆனார்கள். நாம் குழுவாகச் சேர்ந்து சேமிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நம்ம ஊர் சமுதாய வானொலி இன்னும் எஃப்.எம்.தான். டிஜிட்டல் வரும் அன்றும் இதே கேள்வியைக் கேளுங்கள்: கருவி யாருடையது?

அதனால் தீர்மான நோட்டில் எழுத நான்கு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, விண்ணப்பம் கூட்டமைப்பின் பேரில் மட்டுமே. நிறுவனம் தருவது கருவிக்கு ஒருமுறை நன்கொடை. கருவி நம் சொத்துப் பதிவேட்டில் ஏறும். நிகழ்ச்சியில் அவர்களுக்குச் சொல் இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டு, மாதச் செலவில் பாதிக்கு மேல் ஒரே கையிலிருந்து வேண்டாம். குழுக்களின் பங்கும் இருக்கட்டும். உதாரணத்துக்கு, 300 குழு மாதம் 50 ரூபாய் தந்தால் 15,000 ரூபாய். தொகை சின்னதுதான். ஆனா அந்த அம்பது ரூபா குடுத்தவ, ‘ஏன் எங்க ஊர்ப் பேச்சு வரல?’ன்னு உரிமையோட கேப்பா.

மூன்று, ஆலோசனைக் குழுவில் ஒவ்வொரு பஞ்சாயத்திலிருந்தும் ஒருவர் முறை வைத்து வரவேண்டும். விதி பாதி என்கிறது. நாம் பாதியோடு நிற்க வேண்டியதில்லை.

நான்கு, ஓராண்டுச் செலவைக் கையிருப்பில் வைத்த பிறகு தொடங்குங்கள். தாமதமானாலும் பரவாயில்லை. மச்சனூர்ப் பெண்கள் போல, அதுவரை பதிவு செய்து குழுக் கூட்டத்தில் போட்டுக் கேளுங்கள். பேசிப் பழகின குரல் தயாராக இருக்கும்.

அந்த நிறுவனத்தை விரட்டச் சொல்லவில்லை. வரட்டும், உட்காரட்டும், காப்பி கொடுங்கள். கையெழுத்துப் போடும் முன்னால் தாளை ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள். உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் கூட்டமைப்பின் பேர் இருந்தால் போடுங்கள்.