கடன் வரலாறும் வங்கிக் கதவும்

(வங்கி அலுவலர்களுக்கும் பொருளியல் மாணவர்களுக்கும் ஆற்றப்பட்ட உரையின் வாசகம்)

அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வின் அறிக்கை 1954-இல் வெளியிடப்பட்டது. 1951-52-ஆம் ஆண்டில் ஊரக மக்கள் பெற்ற கடனில் கூட்டுறவு நிறுவனங்களின் பங்கு ஏறத்தாழ 3 சதவீதம். வணிக வங்கிகளின் பங்கு 1 சதவீதத்திற்கும் குறைவு. வட்டிக்குக் கொடுப்போரின் பங்கோ ஏறத்தாழ 70 சதவீதம் என்று அவ்வறிக்கை புலப்படுத்திற்று. கடன் கொடுத்தவர் அந்நாளில் ஏடு எதையும் புரட்டிப் பார்க்கவில்லை. கேட்பவர் நாணயமானவரா, நாணயம் தவறியவரா என்பது அவருடைய நினைவில் இருந்தது. அந்த நினைவில் ஒரு பிழை புகுந்துவிட்டால் அதனைக் காணவும் இயலாது, திருத்தவும் இயலாது.

1969-இல் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்ட பின்னர் வங்கிக் கடன் சிற்றூர்களை எட்டத் தொடங்கிற்று. நினைவின் இடத்தைப் பதிவேடு பெற்றது. அப்பதிவேட்டில் ஒருவர் பெயருக்கு எதிரே குறை எழுதப்பட்டுவிட்டால் அவர் அதனைச் சீர்செய்து மீண்டும் வங்கியின் வாடிக்கையாளராவது எவ்வாறு என்பதே இங்கு ஆராயப்படும் பொருளாகும்.

இரு கதவுகள்

வங்கிக்குள் நுழையக் கதவுகள் இரண்டு உள்ளன. ஒன்று கணக்கு, மற்றொன்று கடன். அமெரிக்காவில் முதற்கதவே சிலருக்கு அடைபடுவதுண்டு. காசோலைக் கணக்கில் இருப்புக்கு மேல் பணம் எடுத்து, அதனையும் அதன்மேல் விதிக்கப்பட்ட கட்டணங்களையும் ஒருவர் செலுத்தத் தவறினால், வங்கி அக்கணக்கை மூடி, இதற்கெனவே இயங்கும் அறிக்கை நிறுவனத்திற்குத் தெரிவிக்கிறது. அக்குறிப்பு ஐந்து ஆண்டுகள் வரை நீடிக்கக்கூடும். அதனைக் காணும் பிற வங்கிகள் புதிய கணக்கை மறுக்கலாம். 2023-ஆம் ஆண்டின் ஆய்வொன்றில் அந்நாட்டுக் குடும்பங்களில் 4.2 சதவீதம் வங்கிக் கணக்கு எதுவும் இன்றி இருந்தமை தெரியவந்தது. கணக்கின்மைக்குக் காரணங்கள் பல. பழைய குறிப்பு அவற்றுள் ஒன்று. எனினும், 1970-ஆம் ஆண்டின் கடன் அறிக்கைச் சட்டத்தின்படி அறிக்கையைப் பெறவும் பிழையை மறுக்கவும் அங்குள்ள குடிமக்களுக்கு உரிமை உண்டு.

நம் நாட்டில் முதற்கதவு அகலத் திறந்து வைக்கப்பட்டுள்ளது. குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கை 2012-இல் ரிசர்வ் வங்கி வகுத்தது. 2014 ஆகஸ்டில் பிரதமரின் ஜன் தன் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் கணக்குகள் 2023 ஆகஸ்டில் 50 கோடியைத் தாண்டின. குறைந்தபட்ச இருப்பு இல்லாமைக்கான கட்டணத்தால் மட்டும் ஒரு சேமிப்புக் கணக்கின் இருப்பு பூஜ்யத்திற்குக் கீழே செல்லலாகாது என்ற விதி 2015 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க வாடிக்கையாளரை வாயிலிலேயே நிறுத்தும் தடை இங்கு எளிய சேமிப்பாளரை நிறுத்துவதில்லை.

இங்கு சிக்கல் இரண்டாம் கதவில்தான் தோன்றுகிறது. கணக்குத் தொடங்கிய தையற்காரர் இயந்திரம் வாங்கவோ, சிறு வணிகர் தமது கணக்கில் மிகைப்பற்று வசதி பெறவோ விண்ணப்பிக்கும்போது பழைய வரலாறு எதிரே வந்து நிற்கிறது.

பதிவு உருவாகும் விதம்

சிபில் நிறுவனம் 2000-இல் அமைக்கப்பட்டது. கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு, 2006 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்னும் நான்கு நிறுவனங்கள் இதன்கீழ் இயங்கி வருகின்றன. மாதந்தோறும் தகவல் அளித்து வந்த வங்கிகள் குறைந்தது பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை அளிக்க வேண்டுமென்ற மாற்றம் 2025 ஜனவரியில் வந்தது. திரட்டப்பட்ட தகவல் குறைந்தது ஏழு ஆண்டுகள் பாதுகாக்கப்படுகிறது. பொதுமக்கள் அறிந்த 300 முதல் 900 வரையிலான மதிப்பெண் இத்தகவலின் சுருக்கமே ஆகும். மதிப்பெண்ணைத் தனியே உயர்த்த வழியில்லை; அதற்கு அடிப்படையான பதிவைத்தான் சீர்செய்ய வேண்டும்.

பிழையான பதிவு

பதிவில் காணப்படும் குறைகள் இருவகைப்படும். பிழையாக எழுதப்பட்டவை ஒருவகை. உண்மையாகவே நேர்ந்தவை மற்றொரு வகை. இவ்விரண்டிற்கும் மருந்து ஒன்றன்று.

முடிந்துபோன கடன் நிலுவையிலுள்ளதாகக் காட்டப்படுதல், ஒரே பெயருடைய இருவரின் கணக்குகள் கலந்துவிடுதல், ஒருவரின் நிரந்தரக் கணக்கு எண்ணைப் பயன்படுத்தி அவர் அறியாமல் பிறர் கடன் பெற்றிருத்தல் ஆகியவை முதல்வகையைச் சேர்ந்தவை. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையைக் கட்டணமின்றி வழங்க வேண்டுமென 2017 ஜனவரி முதல் விதிக்கப்பட்டுள்ளது. ஆகவே முதற்படி, நான்கு அறிக்கைகளையும் பெற்று ஒவ்வொரு வரியையும் தம்மிடமுள்ள ரசீதுகளுடன் ஒப்பிட்டுப் பார்ப்பதாகும்.

திருத்தம் கோரும் உரிமையைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு வழங்குகிறது. அதற்கு 30 நாட்கள் வரையறுக்கப்பட்டுள்ளன. ஆயினும் அதே பிரிவில் கருதத்தக்க நிபந்தனை ஒன்று உண்டு. தகவலைத் தந்த வங்கி சரியென்று சான்றளித்தாலன்றித் தகவல் நிறுவனம் தானாக எதையும் மாற்ற இயலாது. தகவல் நிறுவனத்திற்கு அனுப்பிய மனு இறுதியில் கடன் கொடுத்த வங்கிக் கிளைக்கே வந்து சேர்கிறது. திருத்தத்தின் திறவுகோல் அக்கிளையின் மேசையில்தான் இருக்கிறது.

இதனை உணர்ந்தே ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் ஒரு விதி வகுத்தது. முறையீடு 30 நாட்களுக்குள் தீர்க்கப்படாவிடில் அதன்பின் கழியும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு வழங்கப்பட வேண்டும். அந்த 30 நாட்களில் 21 நாட்களுக்குள் வங்கி தனது திருத்தத்தை அனுப்பியாக வேண்டும். தாமதம் யாருடையதோ அவரே இழப்பீட்டை ஏற்க வேண்டும். கடன் தகவல் நிறுவனங்கள் 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் திட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. முதலில் உரிய நிறுவனத்திடம் எழுத்து வடிவில் முறையிட்டு, ஒப்புகை பெற்று வைத்திருப்பது அத்திட்டத்தை நாடுவோர்க்கு இன்றியமையாதது.

உண்மையான பதிவு

இரண்டாம் வகை கடினமானது. தவணை தவறியது உண்மையாயின் அக்குறிப்பை எவரும் அழிக்க இயலாது. கட்டணம் பெற்றுக்கொண்டு அழித்துத் தருவதாக விளம்பரம் செய்வோர் மக்களின் அறியாமையை விற்றுப் பிழைப்பவர்கள் என்றே கொள்ளல் வேண்டும்.

இங்கு மூன்று சொற்களின் வேறுபாட்டை அறிதல் நலம். கடன் ‘முடிக்கப்பட்டது’ என்றால் முழுத் தொகையும் செலுத்தப்பட்டுவிட்டது. ‘சமரசமாகத் தீர்க்கப்பட்டது’ என்றால் வங்கி ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துள்ளது. பின்னாளில் கடன் கொடுக்க முன்வரும் வங்கி இதனைக் குறையாகவே கருதும். ‘கணக்கிலிருந்து நீக்கப்பட்டது’ என்பது வங்கியின் ஏட்டு முறைமை மட்டுமே. அதனால் கடன் தள்ளுபடியாவதில்லை. கடைசி வகைக் குறிப்பைக் கண்டு கடன் நீங்கிவிட்டதென மகிழ்ந்து வாளாவிருப்போர் பலர்.

சமரசத் தீர்வுக்குக் கையொப்பமிடுமுன் அதன் விளைவை உணர்ந்திருத்தல் வேண்டும். இயலுமாயின் எஞ்சிய தொகையையும் செலுத்தி, நிலுவையில்லாச் சான்றிதழ் பெற்று, ‘முடிக்கப்பட்டது’ என மாற்றக் கோரலாம். அதன்பின் சிறிய கடனொன்றைப் பெற்று நாள் தவறாது திருப்புதலே எஞ்சியுள்ள வழி. பழைய பக்கம் கிழிக்கப்படுவதில்லை; புதிய பக்கங்கள் அதன்மேல் சேர்கின்றன. பிறர் கடனுக்குப் பிணை நின்றோரின் வரலாறும் அக்கடன் தவறினால் பாதிக்கப்படும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

மாணவர்க்கு

பலருடைய கடன் வரலாற்றின் முதற்பக்கம் கல்விக் கடனே ஆகும். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி படிப்புக் காலத்திற்கும் அதன்பின் ஓராண்டிற்கும் தவணை தொடங்குவதில்லை. அவ்வோராண்டு முடியும் நாளை மறந்துவிடுவதிலிருந்தே குறை பிறக்கிறது. வேலை கிடைக்காதவர் வங்கிக்குச் செல்ல நாணி ஒதுங்குவதைவிட, தவணை தவறுமுன் கிளை மேலாளரைச் சந்தித்துக் காலநீட்டிப்புக் கோருவதே அறிவுடைமை.

இதில் நீதிமன்றங்கள் கண்ட இருவேறு முடிவுகள் சிந்திக்கத்தக்கவை. மதிப்பெண் குறைவு என்பதற்காக மட்டும் ஒரு மாணவருக்குக் கல்விக் கடன் மறுக்கப்படலாகாது என்னும் கருத்தைக் கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் ஓர் இடைக்கால ஆணையில் கொண்டது. கடன் வரலாற்றுக் குறையின் பேரில் ஒரு பொதுத்துறை வங்கி தனது பணி நியமனத்தை நீக்கியதை எதிர்த்து ஒருவர் வழக்குத் தொடுத்தபோது, சென்னை உயர் நீதிமன்றம் 2025-இல் வங்கியின் முடிவை ஏற்றுக்கொண்டது. கடன்களைப் பின்னர் அடைத்துவிட்டதாக அவர் கூறியது போதவில்லை. கல்வி பெறும் வாய்ப்பு காக்கப்பட வேண்டியது; ஆனால் பிறர் பணத்தைக் கையாளும் பணியில் நாணயம் தகுதியாகவே கருதப்படுகிறது.

அலுவலர்க்கு

முன்பு கடன் பெறாதவருக்கு வரலாறு இராது. வரலாறு இன்மை குற்றமன்று. முதன்முறை கடன் கேட்போரை இக்காரணத்தால் மட்டும் மறுக்கலாகாது என்றும், ரிசர்வ் வங்கி குறைந்தபட்ச மதிப்பெண் எதனையும் விதிக்கவில்லை என்றும் நிதியமைச்சகம் 2025-இல் நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்தியது. எனவே மதிப்பெண் என்னும் எண்ணைச் சுட்டி மனுவைத் திருப்புதல் எளிதாயினும், அறிக்கையைப் படித்துக் காரணத்தைக் கூறுதலே கடமையாகும்.

கடன் முடிந்த அன்றே அது முடிந்ததென எழுதி அனுப்புவது ஓர் எழுத்தரின் சில நிமிட வேலை. அது தவறும்போது ஒரு கைத்தொழிலாளர் அதிக வட்டிக்குக் கொடுப்போரின் வாயிலுக்குத் திரும்புகிறார். 1954-ஆம் ஆண்டின் அறிக்கை காட்டிய நிலையிலிருந்து மீட்கப்பட்ட ஒரு குடும்பம் மீண்டும் அந்நிலையில் தள்ளப்படுகிறது. பதிவேட்டின் மேன்மை அதனைப் பார்க்கவும் திருத்தவும் இயலும் என்பதில்தான் உள்ளது. சட்டம் அந்த உரிமையை எழுதி வைத்திருக்கிறது. அது மக்களுக்குக் கைகூடுவது கிளைகளில் பணிபுரிவோரின் கவனத்தைப் பொறுத்தது.