சுட்டுதலும் எடுத்துரைத்தலும்: செய்தித் தளங்களில் இணைப்பின் பணி



அச்சிட்ட செய்தித்தாளை விரிப்பவர் கண்முன் ஒரு பக்கம் முழுவதும் ஒருசேரத் தோன்றுகிறது. எது தலையாய செய்தி, எது சிறு செய்தி என்பதை எழுத்தின் பருமனும் அது பெற்ற இடமுமே உணர்த்திவிடுகின்றன. கணினித் திரையிலும் கைப்பேசியிலும் அந்த வாய்ப்புக் குறைவு. தலைப்பு ஓரிடத்தில் நிற்கிறது. செய்தி வேறொரு பக்கத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்ப்பது இணைப்பு என்னும் சிறு கருவி. ஒரு சொல்லைத் தொட்டால் மற்றொரு பக்கம் திறக்கும். அவ்வளவே அதன் தொழில். ஆயினும், இணையத்தில் செய்தி எழுதுவோரின் திறமும் நேர்மையும் அந்தச் சிறு கருவியிலேயே பெரிதும் வெளிப்படுகின்றன.

இந்தக் கருவியின் வரலாறு நெடியதன்று. 'மீயுரை' என்று தமிழில் வழங்கும் சொல்லுக்கு மூலமான ஆங்கிலச் சொல்லை டெட் நெல்சன் 1965-இல் உலகறியச் செய்தார். செர்ன் ஆய்வுக் கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் முன்வைத்த திட்டமே பின்னர் உலகளாவிய வலையாக வளர்ந்தது. 'தி நியூயார்க் டைம்ஸ்' இதழ் 1996 ஜனவரியில் தன் தளத்தைத் தொடங்கியது. பி.பி.சி.யின் செய்தித் தளம் 1997 நவம்பரில் வந்தது.

திரையில் படிப்பவர் தாளில் படிப்பவரைப் போன்றவர் அல்லர் என்பது விரைவிலேயே தெரிந்தது. 1997-இல் யாக்கோப் நீல்சன் வெளியிட்ட ஆய்வு முடிவின்படி, சோதனையில் பங்கேற்றோரில் 79 விழுக்காட்டினர் புதிய பக்கத்தை மேலோட்டமாகவே பார்வையிட்டனர். சொல்சொல்லாகப் படித்தவர் 16 விழுக்காட்டினரே. எனவே, பத்திகள் சுருங்கின. பொருளுரைக்கும் உட்தலைப்புகள் பெருகின. முதன்மையான செய்தியை முதலிற் சொல்லி, விளக்கங்களைப் பின்னே வைக்கும் 'தலைகீழ்க் கூம்பு' என்னும் பழைய இதழியல் முறை புதிய வலிமை பெற்றது. தலைப்பின் இயல்பும் மாறிற்று. அச்சிதழில் சிலேடைத் தலைப்பு சுவை தரும். அருகிலுள்ள படம் அதன் பொருளை விளக்கிவிடும். தளத்திலோ தலைப்பு படமும் பத்தியும் இன்றித் தேடல் பட்டியலில் தனித்து நிற்க நேர்கிறது. அங்கே அது தன் பொருளைத் தானே சொல்லியாக வேண்டும்.

இணைப்பை எங்கே வைப்பது என்பதில் இருவேறு முறைகள் உண்டு. செய்தியின் இறுதியிலோ பக்கவாட்டிலோ தொகுத்து வைப்பது ஒன்று. வாக்கியத்தின் நடுவே உரிய சொல்லின்மேல் ஏற்றி வைப்பது மற்றொன்று. முன்னது படிப்பின் ஓட்டத்தைக் கெடுப்பதில்லை. பின்னது கூற்றுக்கு அருகிலேயே சான்றை நிறுத்துகிறது. இடையிடையே வரும் இணைப்புகள் மனத்தைச் சிதறச் செய்து ஆழ்ந்த வாசிப்பைக் குலைக்கின்றன என்று நிக்கலஸ் கார் 2010-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அவ்வாதத்தைப் புறந்தள்ள இயலாது. ஆனால், அதன் பொருட்டுச் சான்றையே நீக்கிவிடுவது வாசகருக்குச் செய்யும் நன்மையாகாது. ஐயமுற்றவர் மூலத்தைத் தாமே கண்டு தெளிய வழி வைப்பது இணையம் இதழியலுக்கு அளித்த பெருங்கொடை.

எந்தச் சொல்லின்மேல் இணைப்பை ஏற்றுவது என்பது கவிஞர்கள் கருதிப் பார்க்க வேண்டிய வினா. 'இங்கே சொடுக்கவும்' என்று எழுதுபவர், போகுமிடம் எதுவெனச் சொல்லாமலே வாசகரைக் கைப்பிடித்து இழுக்கிறார். 'நகராட்சியின் வரி உயர்வு அறிவிப்பு' என்ற சொற்களே இணைப்பாக அமைந்தால், தொடுவதற்கு முன்பே வாசகர் போகுமிடத்தை அறிகிறார். பார்வையற்றோர் பலர் திரையை ஒலியாக்கும் மென்பொருளின் துணையால் பக்கத்திலுள்ள இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்பதுண்டு. 'இங்கே, இங்கே, இங்கே' என்று ஒலிக்கும் வரிசை அவர்களுக்கு எதனையும் உணர்த்தாது. ஓர் ஆய்வறிக்கையைப் பற்றி எழுதிவிட்டு, அவ்வறிக்கைக்குச் செல்லாமல் தன் தளத்தின் பழைய செய்திக்கே வாசகரைத் திருப்பிவிடும் இணைப்பும் உண்டு. அது சான்று போலத் தோன்றும், சான்று ஆகாது.

செம்மையாக அமைந்த இணைப்புக்கும் ஒரு பெருங்குறை உண்டு. அது நிலையற்றது. ஹார்வர்டு சட்டப் பள்ளியைச் சார்ந்த ஆய்வாளர்கள் 'தி நியூயார்க் டைம்ஸ்' தளத்தில் 1996 முதல் 2019 வரை வெளிவந்த கட்டுரைகளிலிருந்த 22 லட்சத்திற்கும் மேற்பட்ட வெளி இணைப்புகளை ஆராய்ந்து, முடிவை 2021-இல் வெளியிட்டனர். குறிப்பிட்ட ஒரு பக்கத்தைச் சுட்டிய இணைப்புகளில் 25 விழுக்காடு பயனற்றுப் போயிருந்தன. 1998-ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் அவ்வாறு இறந்தவை 72 விழுக்காடு. வளமும் ஆட்களும் நிறைந்த பேரிதழின் நிலையே இதுவென்றால், சிறு தளங்களின் நிலையைக் கூற வேண்டுவதில்லை. செய்தி நிற்கிறது; அதற்குக் கரியாய் நின்ற ஆவணம் மறைந்துவிடுகிறது. அதன்பின் அச்செய்தியை மெய்ப்பிக்கவும் இயலாது, மறுக்கவும் இயலாது.

இந்த இழப்பின் தன்மையைத் தமிழ் வாசகர் நன்கு அறிவர். இறையனார் களவியல் உரை முதுநாரை, முதுகுருகு, களரியாவிரை என்று நூல்களைப் பெயரளவில் சுட்டிச் செல்கிறது. அப்பெயர்கள் மட்டுமே இன்று எஞ்சியுள்ளன. அவை திறவாத கதவுகள். வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாகக் கிடைக்கவில்லை. எனினும், புறத்திரட்டைத் தொகுத்தவரும் உரையாசிரியர்களும் அவற்றின் பாடல்களை எடுத்து எழுதிவைத்தமையால், அவ்விரு காப்பியங்களின் சுவையைச் சிறிதளவேனும் நுகர முடிகிறது. சுட்டப்பட்டது மறைந்தது, எடுத்துரைக்கப்பட்டது பிழைத்தது.

செய்தித் தளத்தில் எழுதுவோர் கொள்ள வேண்டிய பாடமும் இதுவே. இணைப்பு வேண்டும், ஆனால், இணைப்பை மட்டும் நம்பி எழுதலாகாது. ஆவணத்தின் பெயர், அதை வெளியிட்டவர், வெளியான நாள், அதிலுள்ள இன்றியமையாத கூற்று ஆகியவை செய்தியின் உள்ளேயே சொற்களாக இடம்பெற வேண்டும். 1996-இல் தோன்றிய இணைய ஆவணக் காப்பகம் போன்ற இடங்களில் மூலப் பக்கத்தின் படியைச் சேமித்து வைப்பதும் நலம். தளத்தை நடத்துவோர்க்கும் ஒரு கடமை உண்டு. நல்ல முகவரி மாறுவதில்லை என்பதை பெர்னர்ஸ்-லீ 1998-லேயே வலியுறுத்தினார். தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய முகவரிகளைச் சிதைப்பவர், பிறர் எழுத்திலுள்ள சான்றுகளையும் சேர்த்தே அழிக்கிறார்.

கவிதையையும் கட்டுரையையும் இணையத்தில் வெளியிடும் இலக்கிய வட்டங்களுக்கும் இது பொருந்தும். வேறொரு தளத்திலுள்ள படைப்பை வெறும் இணைப்பால் சுட்டிவிட்டு அதைப் பாதுகாத்ததாக நிறைவு கொள்ளலாகாது. படைத்தவரின் இசைவு பெற்று, அதன் முழு வடிவத்தைப் பெயரோடும் நாளோடும் தம்மிடமும் வைத்திருத்தல் வேண்டும். இணைப்பு அற்றுப் போகும் நாளிலும் அப்படைப்பைத் தேடி வருபவர் வெறுங்கையோடு திரும்பமாட்டார்.