ஸ்க்ரம்: தப்பு நடந்த இடத்துல தொடங்குற ஆட்டம்

ஐடில இருக்கிறவங்களுக்குக் காலைல ஒரு சடங்கு உண்டு, ஸ்க்ரம் மீட்டிங். நேத்து என்ன செஞ்சே, இன்னைக்கு என்ன செய்யப் போறே, எங்கயாவது மாட்டிக்கிட்டியா? மூணே கேள்வி.

போன மாசம் ஒரு பக்ல நான் நல்லா மாட்டிக்கிட்டேன். ஆனா மூணு நாளும் மீட்டிங்ல 'ஒரு பிரச்சினையும் இல்ல'ன்னுதான் சொன்னேன். தெரியலைன்னு சொல்ல வெட்கம். நாலாவது நாள் டீம்ல இருக்கிற அக்கா ஒருத்தங்க பத்தே நிமிஷத்துல கண்டுபிடிச்சாங்க. சர்வர் யூடிசி நேரத்துல ஓடுது, நான் இந்திய நேரத்தை வச்சு ஒப்பிட்டுட்டு இருந்திருக்கேன். "ஏம்ப்பா, மூணு நாளா வாயே திறக்கல?"ன்னாங்க. ரிலீஸ் தள்ளிப் போச்சு. டெஸ்டிங் பசங்களுக்கு சனி, ஞாயிறு ரெண்டும் போச்சு.

அந்த உறுத்தல்லதான் ஸ்க்ரம்னா என்ன அர்த்தம்னு தேடினேன்.

இது ரக்பி வார்த்தை. 'ஸ்க்ரம்மேஜ்' என்பதன் சுருக்கம். அது 'ஸ்க்ரிமேஜ்' திரிஞ்சு வந்தது. அதுக்கும் முந்தின வேர் 'ஸ்கர்மிஷ்', அதாவது சின்னச் சண்டை. அமெரிக்கன் ஃபுட்பால்ல வர்ற 'லைன் ஆஃப் ஸ்க்ரிமேஜ்' இதே குடும்பம். அமைச்சர் காரை விட்டு இறங்கினதும் நிருபர்கள் மைக்கோட மொய்ப்பாங்களே, அதுக்கும் இங்கிலீஷ்ல 'மீடியா ஸ்க்ரம்'னு பேர்.

ரக்பி யூனியன்ல அணிக்கு 15 பேர். ஸ்க்ரம்ல 8 பேர் மூணு வரிசையா ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு, குனிஞ்சு, எதிரணியின் 8 பேரோட தோள் முட்டித் தள்ளுவாங்க. நடுவுல போடற பந்தைக் காலாலதான் தன் பக்கம் இழுக்கணும்.

நம்ம ஆபீஸுக்கு இது எப்படி வந்துச்சு? 1986ல டாகேயுச்சி, நோனாகா என்ற ரெண்டு ஜப்பானியப் பேராசிரியர்கள் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூல ஒரு கட்டுரை எழுதினாங்க. புதுப் பொருளை உருவாக்குறது ரிலே ஓட்டம் மாதிரி இருக்கக் கூடாது, ரக்பி மாதிரி மொத்த அணியும் சேர்ந்தே நகரணும் என்பது அவங்க வாதம். அந்தப் பேரை எடுத்துக்கிட்டு ஜெஃப் சதர்லேண்டும் கென் ஷ்வேபரும் 1995ல ஸ்க்ரம் முறையை மென்பொருள் மாநாடு ஒண்ணுல முன்வைச்சாங்க.

என்னை உலுக்கினது இன்னொரு விஷயம். ரக்பில ஸ்க்ரம் எப்போ வரும் தெரியுமா? யாராவது பந்தைக் கை தவறி முன்னாடி தட்டி விட்டா, இல்ல முன்பக்கமா பாஸ் பண்ணா. அதாவது, ஒரு சின்னத் தப்பு நடந்த பிறகு ஆட்டத்தைத் திரும்பத் தொடங்குற வழிதான் ஸ்க்ரம். தப்பு பண்ணவனை ஓரமா நிறுத்திக் கேள்வி கேட்கிறதில்ல. அவன் அணியில 8 பேரும் சேர்ந்து குனியறாங்க.

நாம அந்தப் பேரை வச்சுக்கிட்டு, தப்பை மறைக்கிற மீட்டிங்கா அதை மாத்திட்டோம். நானும்தான்.

அதனால மக்களே, நாளைக்குக் காலைல அந்த மூணாவது கேள்வி வரும்போது, மாட்டிக்கிட்டிருந்தா 'மாட்டிக்கிட்டேன்'னு சொல்லிடுங்க. வேற யாராவது சொன்னா, பக்கத்துல போய்த் தோள் கொடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.