தட்டு கழுவ எவ்வளவு கூலி?

பிள்ளைகளை வீட்டு வேலை செய்ய வைப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள்.

காசு கொடுத்தா செஞ்சிட்டுப் போறாங்கன்னு பலர் நினைக்கிறோம். நம்ம குழுவையே பாருங்க. கூட்டத்துக்கு லேட்டா வந்தா 5 ரூபாய் அபராதம்னு தீர்மானம் போடுறோம். சிலர் வாசல்லயே அஞ்சு ரூபாயை நீட்டிட்டு நிம்மதியா உக்காந்துக்கறாங்க. முன்னாடி இருந்த கூச்சம் போயிடுச்சு! இஸ்ரேல் நாட்டு ஹைஃபா நகரத்தில், நம்ம பால்வாடி மாதிரி மையங்களில் இதை ஆராய்ந்து, யூரி க்னீஸி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற பொருளாதார அறிஞர்கள் 2000-இல் எழுதினார்கள். பிள்ளையைக் கூட்டிப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டதும், தாமதமாக வருபவர்கள் கூடிவிட்டார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் குறையவில்லை.

வீட்டிலும் அதேதான். தட்டு கழுவ 2 ரூபாய் என்று வைத்தால், ஒருநாள் "எனக்கு ரெண்டு ரூபா வேணாம்மா"னு எழுந்து போயிடுவான். என்ன பதில் சொல்வோம்?

அதனால், சொந்தத் தட்டு, படுக்கை, தண்ணி பிடிக்கிறது, இதுக்கெல்லாம் எங்க வீட்டில் காசு கிடையாது. அது சந்தா மாதிரி. சந்தா கட்டுறதுக்கு யாராவது கூலி கேட்பாங்களா? ஒட்டடை அடிப்பது, தொட்டி கழுவுவது போல எப்போதாவது வரும் வேலைக்கு மட்டும் முன்கூட்டியே பேசிய கூலி. பீஸ் ரேட்டில் தைத்த சகோதரிகளுக்குத் தெரியும்: எண்ணிக்கைக்குக் காசு என்றால் கை ஓடும், தையல் கோணும். செக்கிங்கில் தேறினால்தான் கணக்கில் ஏறும். தொட்டிக்கும் அப்படித்தான். அண்ணன் கழுவியதைத் தங்கச்சி பார்ப்பாள், அவள் கழுவியதை அவன். மூலையில் பாசி இருந்தா விடமாட்டாங்க, என்னைவிடக் கறார்!

இன்னொன்று. பையன் கடைக்குப் போனால் மீதிச் சில்லறை அவனுக்கு. பொண்ணு தினமும் பாத்திரம் தேய்ச்சா அது பொண்ணு வேலை; காசும் இல்லை, பேரும் இல்லை. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்களில் அந்த வேலை செய்தவர்கள் 97 நிமிடம். கிட்டத்தட்ட 5 மணி நேரம் நம்முடையது! இந்த வித்தியாசத்தைப் பத்து வயசிலேயே பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுவது யாரு, நாமதானே?

எங்க வீட்டில் பாத்திரம் ஒரு வாரம் அவள், ஒரு வாரம் அவன். என் மாமியாருக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. அவன் தேய்க்கும்போது பக்கத்தில் போய் நிற்கிறார், கையிலிருந்து வாங்கிடலாமான்னு. "பாட்டி, இது என் வாரம்"னு அவனே சொல்லிடறான்.

அடுத்து கடன் தவணை விவரம் பேச அக்கா காத்திருக்காங்க.