நிழல் விழாத கோயில்ல நிழலுக்கு ஒதுங்கின கதை

மர்மம்னு சொல்ற இடங்களுக்கு நேர்ல போய்ப் பார்த்துட்டு வர்ற நம்ம பயணத்துல இன்னைக்குத் தஞ்சாவூர்.

பெரிய கோயிலைப் பத்தி எத்தனையோ ஃபார்வர்டு வந்திருக்கும். அதுல சாகவே சாகாத ஒண்ணு, "கோபுர நிழல் தரையில் விழாது". நான் போனது டிசம்பர் கடைசி வாரம், உச்சி வெயில் நேரம். வெறுங்கால்ல கருங்கல் தரையில நிக்க முடியல. விமானத்துக்கு வடக்குப் பக்கம் பெருசா நிழல் விழுந்திருந்துச்சு, போய் ஒதுங்கினேன். அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் உட்கார்ந்து தண்ணி குடிச்சிட்டு இருந்தாங்க. அந்த அப்பா பையன்கிட்ட சொல்றார்: "இதோட நிழல் கீழ விழவே விழாதுடா, அந்தக் காலத்து இன்ஜினியரிங்." பையன் மேல பார்த்தான், கீழ பார்த்தான், ஒண்ணும் பேசல. நல்ல பையன்.

ஆனா இந்தக் கதை சும்மா முளைக்கல. விமானத்தோட உயரம் சுமார் 60 மீட்டர், அடிப்பக்கம் சுமார் 30 மீட்டர் சதுரம். மேல போகப் போகக் குறுகிட்டே போகும். அப்போ நடுவுல இருந்து விளிம்புக்கு 15 மீட்டர். இந்தச் சரிவை வச்சுக் கணக்குப் போட்டா, மத்தியானச் சூரியன் நேர் உச்சியில இருந்து 14 டிகிரிக்குள்ள இருக்கிறவரைக்கும் உச்சியோட நிழல் அடித்தளத்தைத் தாண்டி வெளியே வராது. தஞ்சாவூர் இருக்கிற இடத்துக்கு இது மார்ச் நடுவுல இருந்து செப்டம்பர் கடைசி வரைக்கும் பொருந்தும். நம்ம ஆளுங்க டூர் போறது எப்போ? ஏப்ரல், மே லீவுல. மத்தியானம் பார்த்தா உச்சி நிழல் தரையில இருக்காது. சாயந்திரம் வரைக்கும் இருந்தா, அதே நிழல் கிழக்கே நந்தி பக்கம் நீண்டுட்டுப் போறதைப் பார்க்கலாம்.

80 டன் ஒற்றைக் கல் கதையும் இதே மாதிரிதான். சிகரம் ஒரே கல் இல்ல, பல துண்டுகளைப் பொருத்திச் செஞ்சதுன்னு கோயிலை அளந்து ஆராய்ஞ்சவங்க எழுதியிருக்காங்க. அதனால கோயிலோட பெருமை ஒரு அங்குலம்கூடக் குறையல.

இதெல்லாம் யாருக்கும் கெடுதல் இல்லாத கதைகள். எனக்குக் கோபம் வர்றது சாபக் கதை மேலதான். பதவியில இருக்கிறவங்க பெரிய கோயிலுக்கு வந்தா ஆபத்து, வந்தாலும் முன்வாசல் வழியா வரக் கூடாதுன்னு சொல்வாங்க. அதுக்கு 1984-ஐ ஆதாரமா காட்டுவாங்க. இந்திரா காந்தியும் எம்.ஜி.ஆரும் வந்துட்டுப் போனாங்க, அக்டோபர்ல ஒருத்தர் கொல்லப்பட்டார், இன்னொருத்தர் படுத்த படுக்கையானார்னு. பொற்கோயிலுக்குள்ள ராணுவம் போனது அதே வருஷம் ஜூன்லங்கிறதை இந்தக் கதை கண்டுக்காது. எம்.ஜி.ஆர் அமெரிக்காவுல ஆஸ்பத்திரியில இருந்துகிட்டே டிசம்பர்ல தேர்தல் ஜெயிச்சார். 1987 வரைக்கும் முதலமைச்சரா இருந்தார். சாபம்னா இப்படி ஒரு சாபம் எத்தனை பேருக்கு வேணும்!

இதுவரைக்கும் சிரிக்கலாம். அடுத்தது 1997. ஜூன் 7, கும்பாபிஷேக நேரம். கோயிலுக்குள்ள போட்டிருந்த யாகசாலைப் பந்தல்ல தீப்பிடிச்சு, நெரிசலும் சேர்ந்து 40 பேருக்கு மேல செத்துப் போனாங்க. பந்தல் ஓலைப் பந்தல். உள்ளே ஹோமம், சுத்தி ஜனக்கூட்டம். ஊர்ல இப்பவும் சிலர் இதைச் சாபக் கணக்குலதான் சேர்க்கிறாங்க. டீக்கடையில ஒரு பெரியவர் என்கிட்டயே சொன்னார், "கோயிலுக்குப் பொறுக்கலை தம்பி." நான் கேட்டேன், "ஐயா, ஓலைக்குப் பதிலா தகரம் போட்டிருந்தா பொறுத்திருக்குமா?" அவர் டீயைக் குடிச்சிட்டு, "அது வேற விஷயம்" அப்படின்னார்.

எனக்கு அது வேற விஷயமா தெரியல. ஏழு வருஷம் கழிச்சு, 2004 ஜூலை 16, அதே தஞ்சை மாவட்டத்துல கும்பகோணம். ஒரு பள்ளிக்கூடத்தோட ஓலைக் கூரையில தீப்பிடிச்சு 94 குழந்தைங்க போயிட்டாங்க. அதுக்கப்புறம்தான் பள்ளிகள்ல ஓலைக் கூரையை எடுக்கச் சொல்லி அரசு உத்தரவு போட்டுச்சு. 1997-லயே ஓலையைப் பத்தி ஊரு பேசியிருந்தா கும்பகோணம் நடந்திருக்காதுன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா சாபத்துக்கு விசாரணைக் கமிஷன் வைக்க முடியாது. வாசல் எத்தனை, தண்ணி எங்கே, கூரை எதால போட்டதுன்னு அதுகிட்ட யாரும் கேட்க மாட்டாங்க.

சரி, "மனுஷங்களால இதைக் கட்ட முடியுமா, ஏலியன்ஸா இருக்குமோ" கேஸுக்கு வருவோம். இதுக்குப் பதில் கோயில் சுவர்லயே இருக்கு. 19-ஆம் நூற்றாண்டு வரைக்கும் இதைக் கட்டினது கரிகாலன்னுகூடச் சொல்லிட்டு இருந்தாங்க. 1880-கள்ல யூஜின் ஹுல்ட்ஷ் என்கிற ஜெர்மன்காரர் இந்தக் கல்வெட்டுகளைப் படிச்சு, கட்டினது ராஜராஜன்னு உறுதிப்படுத்தினார். தலைமைத் தச்சர் குஞ்சரமல்லனோட பேரு கல்வெட்டுல இருக்கு. ராஜராஜனோட அக்கா குந்தவை என்ன கொடுத்தாங்கன்னு இருக்கு. 400 ஆடல் பெண்களோட பேரு, யார் எந்த ஊர்ல இருந்து வந்தவங்க, எந்தத் தெருவுல எத்தனாவது வீடு, ஆளுக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல்லுன்னு வரிசையா இருக்கு. தையல்காரர், நாவிதர், கணக்கர், விளக்கேத்துறவர், குடை பிடிக்கிறவர்... ஒருத்தரையும் விடல. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஆபீஸோட சம்பளப் பட்டியலைக் கல்லுல வெட்டி வச்சிருக்காங்க.

அந்த எழுத்துக்குக் கீழ நின்னு எல்லாரும் விமானத்தை அண்ணாந்து பார்த்து செல்ஃபி எடுத்துட்டு இருந்தாங்க. நீங்க போனா காலை வெயில்லயோ சாயங்கால வெயில்லயோ போங்க. பக்கவாட்டுல வெளிச்சம் விழுந்தாத்தான் கல்வெட்டு எழுத்து எடுப்பா தெரியும். பழைய தமிழ் எழுத்துதான், "ஸ்ரீராஜராஜ" வர்ற இடத்தைக் கொஞ்சம் முயற்சி பண்ணா நீங்களே கண்டுபிடிச்சிடலாம். முன்வாசல் வழியாவே போங்க, நான் அப்படித்தான் போனேன்.

அடுத்த எபிசோடுல தாராசுரம், தட்டினா பாடுதுன்னு சொல்ற கல் படிகள். அங்கே போயிருக்கிறவங்க வாய்ஸ் நோட் அனுப்புங்க.