லீவு நாளில் நம் வீட்டுப் பள்ளிக்கூடம்

(பரிசளிப்பு விழாவில் பள்ளி ஆசிரியை ஆற்றிய உரை)



தலைமையாசிரியர் அவர்கள் எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிடம். பரிசு பெற்றவர்களைப் பாராட்டிப் பேச மேடையில் பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் பேச வந்தது, நாளை முதல் பள்ளிக்கதவு பூட்டப்பட்ட பிறகு நடக்கப்போவதைப் பற்றி. பள்ளியாண்டு 2026 முதல் மீண்டும் ஜனவரிக்கே வந்துவிட்டது. ஆகவே நீண்ட விடுமுறையும் பழையபடி ஆண்டின் கடைசியில், நம் மலையில் மழையும் பனிமூட்டமும் சரியாக விலகாத நாட்களில் வருகிறது. பிள்ளைகள் வெளியே ஓடியாட முடியாது. அப்பாவும் அம்மாவும் பிரட்டுக்குப் போய்விடுவார்கள். வீட்டில் துணைக்கு இருப்பது பாட்டியும் கைப்பேசியும்தான். அத்தனை வாரங்களில் நம் பிள்ளை என்ன செய்யப்போகிறது?

இதற்கு விடை, புதிய ஆண்டின் முதல் வாரத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். விடுமுறைக்கு முன் ஏழாம் வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பித்த பிள்ளை, ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் கூரையைப் பார்க்கும். "மறந்துபோச்சு டீச்சர்" என்று சொல்லிச் சிரிக்கும். பிள்ளையின்மேல் குற்றமில்லை. கவ்வாத்துக் கத்தியைத் தொடாமல் மூலையில் போட்டு வைத்தால் துருப்பிடிக்கத்தானே செய்யும்? 1996ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பர் என்னும் ஆய்வாளரும் அவருடைய தோழர்களும் இதுபற்றிய 39 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். அந்நாட்டின் நீண்ட கோடை விடுமுறையில் பிள்ளைகள் ஏறத்தாழ ஒரு மாதப் படிப்பை இழக்கிறார்கள், கணக்கில்தான் இழப்பு அதிகம் என்று கண்டார்கள். மனத்தில் தைப்பது அடுத்த செய்தி. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் விடுமுறையிலும் வாசிப்பில் பின்தங்கவில்லை. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். பள்ளி திறந்திருக்கும்வரை இரண்டு பிள்ளைகளும் ஒன்றாக நடக்கிறார்கள். பூட்டிய பிறகு ஒரு பிள்ளை முந்திக்கொள்கிறது.

நம் பிள்ளைகளுக்கு இதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. மலாய்மொழியில் போதிய தேர்ச்சி இல்லாமல் ஆறாம் ஆண்டை முடித்தால், முதலாம் படிவத்துக்கு முன்னால் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார வேண்டும். கூடப் படித்தவன் மேலே போக, தான் ஓராண்டு பின்னால் நிற்பது பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு ரத்தானது. "இனிமே சோதனை இல்லதானே டீச்சர்" என்று சில பெற்றோர் நிம்மதியாகச் சொல்கிறார்கள். சோதனைதான் போயிற்று. இடைநிலைப் பள்ளிக்குப் போனால் பெரும்பாலான பாடங்கள் மலாயில்தான்.

இதையெல்லாம் லயத்துக்கு வந்து சொன்னால் எனக்குக் கிடைக்கும் பதில் ஒன்றே. "நாங்க என்னா டீச்சர் படிச்சிருக்கோம், சொல்லிக் குடுக்க?"

பெற்றோர்களே, 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. அப்படி எழுந்த பள்ளிகள் பலவற்றில் பாடம் சொன்னவர்கள் யார்? எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியும் கிராணியும்தான். கையில் பயிற்சிச் சான்றிதழ் ஏது? நான் சான்றிதழ் வாங்கியவள். அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனாலும் நம் சமூகத்தின் முதல் எழுத்துகள் அது இல்லாதவர்கள் கையால் எழுதப்பட்டவை. கோலாலம்பூர் பக்கம் சில குடும்பங்கள் வீட்டையே பள்ளியாக்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகின்றன. நம் நாட்டில் 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம் என்பதால் அதற்கு அமைச்சின் விலக்கு வேண்டும். அந்த வழிக்கு நாம் போக வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் ஆண்டு முழுவதும் செய்வதில் ஒன்றை நாம் விடுமுறையில் செய்யலாம். மழை வந்தால் மழை, பண்டிகை வந்தால் பண்டிகை என்று, அந்தந்தக் காலத்தையே பாடமாக்கிக்கொள்கிறார்கள்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நாமும் இல்லிருப்புக் கற்றலைப் பார்த்தோம். ஒரு வீட்டில் ஒரே கைப்பேசி, அதற்கு மூன்று பிள்ளைகள். மலைக்குப் பின்னால் கோடும் கிடைக்காது. அந்த நாட்களில் நான் ஒன்றைக் கவனித்தேன். கைப்பேசியில் அனுப்பிய பயிற்சிகள் பாதிதான் திரும்பி வந்தன. "உங்கள் வீட்டில் இன்று என்ன சமைத்தார்கள், எப்படிச் சமைத்தார்கள் என்று எழுது" என்று தாளில் கொடுத்தனுப்பியது முழுவதும் திரும்பி வந்தது. ஒரு பிள்ளை ரசத்தையே இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தது!

சரி, என்ன செய்யலாம்?

நீங்கள் பறிக்கும் கொழுந்திலிருந்தே தொடங்கலாம். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மாலையில் வீட்டுக்கு வந்ததும் பிள்ளையிடம் கேளுங்கள்: "இருபது கிலோ கொழுந்துல எத்தன கிலோ தூள்டா வரும்?" நான்கு கிலோ. ஒரு கோப்பைக்கு இரண்டு கிராம் என்றால் எத்தனை கோப்பை? இரண்டாயிரம் கோப்பை. மற்ற நாலு பங்கும் எங்கே போயிற்று என்று பிள்ளை திருப்பிக் கேட்கும். ஒரு கைப்பிடி கீரையை நிறுத்து, முறத்தில் பரப்பி, மறுநாள் மறுபடியும் நிறுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் போனதால் எடை குறைந்தது என்று தானே கண்டுபிடிக்கும். தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டுவதும் இதற்குத்தான். அங்கே வேலை செய்யும் அப்பா, வாட்டி உருட்டிய இலை ஏன் செம்பு நிறமாகிறது என்று சொல்லலாம். அதைப் 'புளிக்க வைப்பது' என்கிறோம். உண்மையில் தோசைமாவு புளிப்பதுபோல் அல்ல, நறுக்கி வைத்த கத்தரிக்காய் காற்றுப்பட்டுக் கறுக்கிறதே, அந்த வகை. அறிவியல் பாடத்தில் நான் அரைமணி நேரம் நின்று விளக்குவதை அம்மா அடுப்படியில் ஒரு கத்தரிக்காயில் காட்டிவிடலாம்.

அடுப்படி என்றதும் பருப்பு நினைவுக்கு வருகிறது. கீழே ஈப்போவிலோ தாப்பாவிலோ சொந்தக்காரர் வீட்டில் சீக்கிரம் வேகும் பருப்பு, இங்கே ஏன் அடம்பிடிக்கிறது? கடல்மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். பிரிஞ்சாங் போன்ற 1,500 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும். சூடு குறைவு, ஆகவே நேரம் அதிகம். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதே காரணம். தாப்பாவில் வாங்கிய கெரோப்போக் பாக்கெட், பஸ் மலையேறும்போது பலூன்போல் உப்பிக்கொள்வதும் இதனால்தான். அடுத்த முறை கீழே போய்வரும்போது பாக்கெட்டை உடனே பிரித்துவிடாமல் மடியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். (பிரிக்காமல் வீடுவரை வந்து சேருமா என்பதற்கு நான் பொறுப்பல்ல.)

மழையையும் அளக்கலாம். பக்கம் நேராக உள்ள ஒரு டப்பா, ஓர் அளவுகோல் போதும். கூரையும் மரமும் மறைக்காத இடத்தில் வைத்து, தினமும் காலையில் ஒரே நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுத வேண்டும். சென்ற விடுமுறையில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் இதைச் செய்தான். ஒருநாள் 62 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர் என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். தன் வீட்டுக் கூரை நாற்பது சதுர மீட்டர் என்று அளந்து, 2,480 லிட்டர் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தான். வந்தவன் கேட்டான்: "இவ்ளோ தண்ணியும் எங்க டீச்சர் போவுது?"

அந்தக் கேள்வி ஒரு வாரப் பாடமானது. நம் பக்கத்து ஓடைகள் பெர்த்தாம் ஆற்றில் சேர்வது, 1963இல் கட்டி முடிந்த சுல்தான் அபு பக்கார் அணை அதை ரிங்லெட்டில் ஏரியாகத் தேக்குவது, அந்தத் தண்ணீர் சுரங்கம் வழியாகப் பேராக் பக்கம் இறங்கி மின்சாரமாவது, வெட்டவெளியாக்கிய மலைச்சரிவுகளின் மண் வந்து ஏரியை நிரப்புவது எல்லாம் பேசினோம். 2013 அக்டோபர் 23ஆம் தேதி பெருமழையில் அணைநீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனதையும் சொன்னேன். பிள்ளைகளைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்கத் தெரிந்த பிள்ளைக்கு, எந்த மழையில் ஆற்றோரம் போகக்கூடாது, எந்த மழையில் சரிவுக்குக் கீழே நிற்கக்கூடாது என்பது புரியும். "ஆத்துப்பக்கம் போகாதே" என்ற அதட்டலோடு காரணத்தையும் சொல்லுங்கள்.

மலாய்மொழிக்கு வழி வீட்டுக்கு வரும் தாள்களில் இருக்கிறது. மின்சார பில், மருந்தகத்தில் கொடுத்த மருந்து உறை, கிளினிக் அட்டை எல்லாவற்றையும் பிள்ளையைப் படித்துத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டையும் மறைக்க வேண்டாம். 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் சேமநிதிக்கு நம் பங்கு நூற்றுக்குப் பதினொன்று, அதாவது 187 ரிங்கிட். இதைத் தன் கையால் கணக்குப் போட்ட பிள்ளை, விழுக்காட்டுக் கணக்கைச் சீக்கிரத்தில் மறக்காது. அப்பாவின் காசு எப்படி வருகிறது என்பதையும் மறக்காது.

தாத்தா பாட்டியிடம் இருப்பது வேறெங்கும் கிடைக்காத பாடம். 1929இல் ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டத்தோடு இம்மலையில் தேயிலை பெருந்தோட்டமாக வேரூன்றி ஏறத்தாழ நூறாண்டு ஆகிறது. காடழித்தவர்கள், கன்று நட்டவர்கள், கூடை சுமந்தவர்கள் பெயரைப் பாடநூலில் தேடினால் கிடைக்காது. ரஜூலா கப்பலில் வந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் நம் லயங்களில் இருக்கிறார்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், ஆயாக்கொட்டகையில் என்ன பாட்டுப் பாடினார்கள், கையால் பறித்த காலத்தில் ஒருநாளைக்கு எத்தனை கிலோ என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். இன்று மலையில் பெரும்பாலும் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள் நம்மோடு வேலை செய்கிறார்கள். நம் பிள்ளைகள் பட்டணத்துக்குப் போகிறார்கள். போகட்டும், நல்லதுதான். போகிற பிள்ளை, பாட்டி சொன்னதை ஒரு நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போகட்டும்.

பொங்கல், கோயில் திருவிழா பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முறுக்குக்கு எத்தனை பங்கு அரிசிமாவு எத்தனை பங்கு உளுந்துமாவு என்பது விகிதம். புள்ளிக் கோலம் வடிவியல்.

இரண்டு விஷயங்களைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். விடுமுறையில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைக் காய்கறித் தோட்டத்துக்குக் கூலிக்கு அனுப்பாதீர்கள். பூச்சிமருந்து அடிக்கும் இடம் அது. சட்டமும் இடம் கொடுக்காது. வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. அப்படி நெருக்கடி இருந்தால் பள்ளிக்கு வந்து சொல்லுங்கள், சங்கத்தோடு பேசி வழி பார்ப்போம். அடுத்தது, பயிற்சிப் புத்தகங்களை வாங்கிக் குவித்து, காலையில் பத்துப் பக்கம் என்று பிள்ளையைக் கட்டிப்போடாதீர்கள். பதினைந்து நிமிடம் உட்கார்ந்து நீங்கள் கேட்டால் போதும். எழுதியதைப் படிக்கத் தெரியாவிட்டால், "நீ எழுதுனத எனக்குப் படிச்சுக் காட்டு" என்று சொல்லுங்கள். தப்பைத் திருத்துவது என் வேலை.

மாணவச் செல்வங்களே, உங்களுக்காகப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆளுக்கொரு விடுமுறை நோட்டு வாங்கி வைத்திருக்கிறது. ஒருநாளைக்கு ஒரு பக்கம். அளந்தது, கேட்டது, படித்தது, எதுவானாலும் சரி. தேதி போட வேண்டும், பார்த்து எழுதக்கூடாது. பள்ளி திறந்த முதல் நாள் எல்லா நோட்டையும் நானே படிப்பேன். நூல்நிலையத்திலிருந்து ஆளுக்கு மூன்று புத்தகமும் உண்டு. பெயர் பதிந்துவிட்டு எடுத்துப் போங்கள். மழையில் நனையாமல் பிளாஸ்டிக் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டுகள் மேடைக்கு இடப்புறம் உள்ள மேசையில் இருக்கின்றன. அம்மாவையோ அப்பாவையோ கையோடு அழைத்து வந்து, அவர்கள் கையால் வாங்கிக்கொள்ளுங்கள்.